காகிதத்தில் முதலில் எழுந்த நகரம்: சிகாகோவின் தொடக்கக் காலம்

தமிழ் வாசகர்களுக்குச் சிகாகோ என்னும் பெயர் பெரும்பாலும் இரண்டு நிகழ்வுகளின் வழியாகவே அறிமுகமானது. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886ஆம் ஆண்டு மே மாதம் அங்கு நடந்த தொழிலாளர் போராட்டம் ஒன்று. இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் சென்னை அன்பர்களும் துணைநின்று அனுப்பிவைத்த விவேகானந்தர் 1893ஆம் ஆண்டு செப்டம்பரில் உரையாற்றிய சர்வ சமயப் பேரவை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 1890ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அந்நகரின் மக்கள்தொகை பத்து லட்சத்தைக் கடந்திருந்தது. ஆனால் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் ஒரு சிறு கோட்டையும், ஆற்றங்கரையில் சிதறிக் கிடந்த சில மரவீடுகளும், அவற்றைச் சூழ்ந்து நீர் வடியாத சதுப்பு நிலமும் மட்டுமே இருந்தன. ஒருவர் தம் வாழ்நாளுக்குள் சிற்றூராகவும் பெருநகராகவும் கண்டிருக்கக்கூடிய இந்த வளர்ச்சிக்கு அமைவிடமே காரணம் என்று வரலாற்று நூல்கள் பல கூறுகின்றன. அக்கூற்றில் பாதி உண்மைதான் உண்டு. சிகாகோவின் அமைவிடம் ஒரு வாய்ப்பை மட்டுமே தந்தது. அந்த வாய்ப்பு உடன்படிக்கைகளாலும் நில அளவை வரைபடங்களாலும் கடன் பத்திரங்களாலும் முதலில் காகிதத்தில் நகரமாக்கப்பட்டு, அதன் பிறகே மண்ணும் மரமும் செங்கல்லும் கொண்டு கட்டி எழுப்பப்பட்டது.

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளுள் ஒன்றான மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில், ஓட்டமே தெரியாத அளவுக்கு மெதுவாக நகரும் சிறிய ஆறொன்று ஏரியில் கலந்துகொண்டிருந்தது. அதுவே சிகாகோ ஆறு. அதற்கு மேற்கே சில மைல் தொலைவில் ஓடும் டெஸ் பிளெய்ன்ஸ் என்னும் ஆறோ ஏரியின் பக்கம் திரும்பாமல் தென்மேற்காகச் சென்று, இல்லினாய் ஆற்றோடு சேர்ந்து மிசிசிப்பியில் விழுந்து, இறுதியில் மெக்சிகோ வளைகுடாவை அடைகிறது. கண்டத்தின் இரு பெரும் நீர்வழிகளையும் இங்கே பிரித்து நின்றது சில அடிகளே உயர்ந்த ஒரு மேடும், சேற்று ஏரி எனப்பட்ட ஒரு சதுப்புமே. வெள்ளக் காலத்தில் தோணியிலேயே இதைக் கடக்க முடிந்தது. வறண்ட மாதங்களில் தோணியையும் சரக்கையும் தோளில் சுமந்து பல மைல் நடக்க வேண்டியிருந்தது. இத்தகைய சுமைவழிகளை அந்நிலத்தின் தொல்குடிகள் நன்கு அறிந்திருந்தனர். மிசிசிப்பியைக் கண்டு திரும்பிய பிரெஞ்சுப் பயணிகளான மார்க்கெட், ஜோலியே ஆகிய இருவரும் 1673ஆம் ஆண்டில் இவ்வழியே வந்தபோது அவர்களுக்கு வழிகாட்டியவர்களும் அம்மக்களே. சிறிய கால்வாய் ஒன்றை வெட்டினால் இரு நீர்வழிகளும் இணைந்துவிடும் என்று ஜோலியே கருத்துத் தெரிவித்தார். பத்தாண்டுகளுக்குள் அதே நிலத்தைப் பார்த்த லா சால் என்னும் மற்றொரு பிரெஞ்சுப் பயணி இதை மறுத்து, ஆற்றின் முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருப்பதையும், கோடையில் டெஸ் பிளெய்ன்ஸ் ஆறு வறண்டுவிடுவதையும் சுட்டிக்காட்டினார். இருவர் சொன்னதிலும் பிழையில்லை. அமைவிடம் மட்டுமே நகரத்தை உண்டாக்கிவிடும் என்றால் ஜோலியேக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு அங்கு நகரம் எதுவும் எழாமல் போனதற்கு விளக்கம் கிடைக்காது.

இந்த இடைக்காலத்தில் அங்கு நிலையாகக் குடியேறிய முதல் வெளியார் ழான் பாப்டிஸ்ட் பாயின்ட் டு சாப்லே என்னும் ஆப்பிரிக்க வம்சாவளி வணிகர். பொட்டாவாட்டமி இனத்தைச் சேர்ந்த கிட்டிஹாவா என்னும் பெண்ணை மணந்து, 1780களில் ஆற்றின் முகத்துவாரத்தில் அவர் அமைத்துக்கொண்ட குடியிருப்பு வேடர்களின் தற்காலிகக் குடிலாக இருக்கவில்லை. 1790இல் அவ்வழியாகச் சென்ற பயணி ஒருவர் பருத்தித் துணியைக் கொடுத்து அவரிடம் மாவும் ரொட்டியும் பன்றி இறைச்சியும் வாங்கியதைத் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். 1800ஆம் ஆண்டில் டு சாப்லே தம் உடைமைகளை விற்றபோது எழுதப்பட்ட விற்பனைப் பத்திரம் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. நாற்பதடி நீளமும் இருபத்திரண்டடி அகலமும் கொண்ட வீடு, குதிரை இழுக்கும் மாவு அரைவை இயந்திரம், ரொட்டி சுடும் கூடம், பால் பண்ணைக் கொட்டில், இறைச்சியைப் புகையிட்டுப் பதப்படுத்தும் அறை, கோழிக்கூண்டு ஆகியவற்றோடு, முப்பது மாடுகளும் முப்பத்தெட்டுப் பன்றிகளும் நாற்பத்துநான்கு கோழிகளும் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. பின்னாளில் உலகத்தின் இறைச்சிச் சந்தையாகவும் தானியச் சந்தையாகவும் விளங்கவிருந்த ஊரின் முதல் சொத்துப் பத்திரத்திலேயே கால்நடையும் மாவும் இடம்பெற்றிருப்பது கவனத்திற்குரியது. எனினும் நகரின் தந்தை என்னும் பட்டத்தை, பின்னர் வந்து குடியேறிய ஜான் கின்ஸி என்னும் வெள்ளையருக்கே நெடுங்காலம் வழங்கிவந்தனர். டு சாப்லேயின் பெயர் நகரின் முதன்மையான பாலத்திற்கும் ஏரிக்கரைச் சாலைக்கும் சூட்டப்பட்டது இந்த நூற்றாண்டில்தான்.

அமெரிக்க அரசு அந்நிலத்தில் முதலில் காலூன்றியதும் ஒரு காகிதத்தின் வழியாகவே. ஒஹையோ பகுதியில் தோல்வியுற்ற தொல்குடியினரோடு 1795ஆம் ஆண்டில் செய்துகொள்ளப்பட்ட கிரீன்வில் உடன்படிக்கையில், சிகாகோ ஆற்றின் முகத்துவாரத்தில் ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் கொண்ட சதுர நிலம் அரசுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. எட்டாண்டுகள் கழித்து, 1803இல், அங்கு டியர்போர்ன் கோட்டை எழுந்தது. 1812ஆம் ஆண்டில் பிரிட்டனோடு போர் மூண்டபோது, கோட்டையைக் காலி செய்து வெளியேறிய படைவீரர்களையும் குடும்பத்தினரையும் ஆகஸ்டு 15 அன்று பொட்டாவாட்டமி வீரர்கள் தாக்கினர். வெளியேறியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், கோட்டையும் எரிக்கப்பட்டது. நான்காண்டுகளுக்குப் பின் அரசு திரும்பி வந்து கோட்டையை மீண்டும் கட்டியதோடு, அதே 1816இல் கால்வாய் வெட்டும் எண்ணத்தோடு ஏரியிலிருந்து தென்மேற்காக இருபது மைல் அகலமுள்ள நிலப்பட்டை ஒன்றையும் புதிய உடன்படிக்கை மூலம் பெற்றுக்கொண்டது. அப்பட்டையின் வடக்கு எல்லைக்கோட்டின் மீது இன்று ரோஜர்ஸ் அவென்யூ என்னும் சாலை செல்கிறது. நகரின் பெரும்பாலான சாலைகள் கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் நேராகச் செல்ல, இந்தச் சாலை சாய்வாக ஓடுவதற்கு அந்த உடன்படிக்கைதான் காரணம்.

1818இல் இல்லினாய் தனி மாநிலமாக உருவானபோது அதன் வடக்கு எல்லை, முதல் திட்டத்தின்படி, சிகாகோவுக்குத் தெற்கே அமைவதாக இருந்தது. ஏரிக்கரைத் துறைமுகமும் கால்வாய் வழியும் தம் மாநிலத்திற்குள் இருந்தால்தான் அது வட மாநிலங்களோடு பிணைந்து நிற்கும் என்று வாதிட்ட நதானியேல் போப் என்னும் பிரதிநிதி, எல்லைக்கோட்டை 42 பாகை 30 கலைக்கு உயர்த்தச் செய்தார். சட்ட முன்வரைவில் செய்யப்பட்ட இந்த ஒரு திருத்தம் இல்லையேல் சிகாகோ இன்று விஸ்கான்சின் மாநிலத்து ஊராக இருந்திருக்கும். 1825இல் நியூயார்க் மாநிலத்தின் குறுக்கே ஈரி கால்வாய் திறக்கப்பட்டு, அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து ஐம்பெரும் ஏரிகள் வரை படகிலேயே வர வழி ஏற்பட்டதும், ஜோலியேயின் பழைய யோசனைக்கு முதன்முறையாகப் பொருளாதார அர்த்தம் கிடைத்தது. ஆனால் இல்லினாய் அரசிடம் கால்வாய் வெட்டப் பணமில்லை. நிலம் மட்டுமே கொடுக்க முடிந்த கூட்டாட்சி அரசு, 1827இல் கால்வாய் வழியின் இருபுறமும் ஐந்து மைல் ஆழம்வரை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சதுர மைல் நிலங்களை மாநிலத்திற்கு வழங்கியது. அன்றைய அமெரிக்க நில அளவை முறையில் 640 ஏக்கர் கொண்ட ஒரு சதுர மைல் 'செக்‌ஷன்' எனப்பட்டது. இவ்வாறு கிடைத்தவை மொத்தம் ஏறத்தாழ 3 லட்சம் ஏக்கர். இந்த நிலத்தை விற்று அப்பணத்தில் கால்வாய் வெட்ட வேண்டும் என்பதே திட்டம். ஆனால் எவரும் வசிக்காத சதுப்பை யார் வாங்குவார்கள்? நிலத்திற்கு விலை ஏற வேண்டுமானால் அங்கு ஊர் வேண்டும். ஊர் இல்லாதபோது ஊரின் வரைபடமாவது வேண்டும்.

அந்த வரைபடத்தை வரைந்தவர் தென் இல்லினாயைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்ப்சன் என்னும் நில அளவையாளர். கால்வாய் ஆணையர்களின் உத்தரவுப்படி, ஆறு இரு கிளைகளாகப் பிரியும் இடத்தைச் சுற்றியிருந்த ஒன்பதாம் செக்‌ஷனின் ஒரு பகுதியை அளந்து அவர் தயாரித்த மனைப்பிரிவு வரைபடம் 1830ஆம் ஆண்டு ஆகஸ்டு 4 அன்று பதிவானது. சிகாகோவின் பிறந்தநாள் என ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதையே சொல்லலாம். அளப்பதற்கு அவர் கொண்டுவந்த கருவி நூறு கண்ணிகள் கொண்ட, 66 அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலி. தமிழக நில அளவையிலும் நெடுங்காலம் புழங்கி, ஏக்கர், சென்ட் கணக்குக்கு அடிப்படையாக இருந்ததும் இதே அளவுச் சங்கிலியே. சிகாகோவின் பெரும்பாலான பழைய தெருக்கள் இன்றும் 66 அடி அகலத்தில் இருப்பதற்குக் காரணம், தெருவின் அகலம் ஒரு சங்கிலி என்று தாம்ப்சன் வைத்துக்கொண்டதுதான். மனைத்தொகுதிகள் 58, அவற்றுள் ஒவ்வொரு மனையும் பொதுவாக 80 அடிக்கு 180 அடி. ஆறு வளைந்து சென்ற இடங்களில்கூடக் கோடுகள் வளையவில்லை; ஆற்றங்கரையில் மட்டும் சில மனைகள் வெட்டுண்டு மூலைகளாயின. வரைபடத்தில் வாஷிங்டன், ஜெஃபர்சன், ராண்டால்ஃப், கிளார்க், லா சால் எனத் தெருப்பெயர்கள் முறையாக எழுதப்பட்டிருந்தன. தரையிலோ நூறு பேர்கூட இல்லை. இருந்தவர்களில் பலர் பிரெஞ்சு, பொட்டாவாட்டமி கலப்புக் குடும்பத்தினர். வாஷிங்டன் தெரு இருக்க வேண்டிய இடத்தில் புல்லும் தேங்கிய நீருமே கிடந்தன. அடுத்த மாதம் நடந்த ஏலத்தில் மனைகள் சில பத்து டாலர்களுக்கு விலைபோயின.

ஒரே அளவான நாற்கோணங்களாக நிலத்தைப் பிரிப்பதன் பயன் நகர அழகிற்கானதன்று. மண்ணின் தன்மையையும் மேடு பள்ளத்தையும் பாராமல், நியூயார்க்கில் உட்கார்ந்திருப்பவர்கூட எண்ணை மட்டும் பார்த்து ஒரு மனையை வாங்கவும் விற்கவும் அது வழிசெய்தது. இந்த ஏற்பாடு வேலை செய்ய ஒரு தடை எஞ்சியிருந்தது: சுற்றியிருந்த நிலம் இன்னமும் பொட்டாவாட்டமி மக்களுடையதாக இருந்தது. 1833ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏறத்தாழ 350 பேர் வாழ்ந்த சிகாகோ சட்டப்படி பேரூராக அமைக்கப்பட்ட அடுத்த மாதமே, பொட்டாவாட்டமி, ஒட்டாவா, ஓஜிப்வே தலைவர்கள் அங்கு அழைக்கப்பட்டனர். ஆயிரக்கணக்கில் கூடிய மக்களிடையே வணிகர்கள் தாராளமாக மதுவை ஓடவிட, நாட்கணக்கில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், இல்லினாய், விஸ்கான்சின் பகுதிகளில் 50 லட்சம் ஏக்கர் நிலம் கைமாறியது. அதற்கு ஈடாக மிசிசிப்பிக்கு மேற்கே அவர்கள் பார்த்தே இராத நிலமும், பல ஆண்டுகளில் தவணையாகத் தரப்படும் தொகையும் ஒப்புக்கொள்ளப்பட்டன. இழப்பீடு என்று எழுதப்பட்ட பணத்திலிருந்தே 1,50,000 டாலருக்கும் அதிகமான தொகை, தொல்குடியினர் பட்ட கடன் என்று வணிகர்கள் காட்டிய கணக்குகளுக்குச் சென்றது. கின்ஸி குடும்பம் உட்படப் பின்னாளில் நகரின் முன்னோடிகள் எனப் போற்றப்பட்டவர்கள் பலர் அந்தப் பட்டியலில் இருந்தனர். வாங்கியவர்களே விலையின் ஒரு பங்கைத் தம் பைக்குள் திருப்பிக்கொண்ட இந்த ஒப்பந்தத்தை விற்பனை என்று அழைப்பது நேர்மையாகாது. 1835ஆம் ஆண்டு கோடையில், மேற்கே புறப்படுவதற்கு முன் கடைசித் தவணையைப் பெறச் சிகாகோவில் கூடிய பொட்டாவாட்டமி வீரர்கள் ஏறத்தாழ 800 பேர், உடலில் வண்ணம் பூசிக்கொண்டு போர் நடனம் ஆடியபடி ஊரின் வழியே சென்றனர். அதை விடுதி ஒன்றின் மாடி ஜன்னலிலிருந்து பார்த்த புதுக்குடியினர், தாங்கள் அடைந்த அச்சத்தைப் பல ஆண்டுகள் கழித்தும் மறக்காமல் எழுதிவைத்தனர்.

இதற்கிடையில் முகத்துவாரத்து மணல்திட்டு வெட்டப்பட்டது. அதுவரை கப்பல்கள் ஆழ்நீரில் நின்று சரக்கைப் படகுகளில் இறக்க வேண்டியிருந்தது. நாடாளுமன்றம் 1833இல் ஒதுக்கிய 25,000 டாலரில் பணி தொடங்கி, 1834 ஜூலையில் 'இல்லினாய்' என்னும் பாய்மரக் கப்பல் ஆற்றுக்குள் நுழைந்தது. உடனே ஊக வணிகம் வெறியாயிற்று. பள்ளிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பதினாறாம் செக்‌ஷன், இன்று நகரின் மையமாக விளங்கும் நிலம், மிகச் சில பகுதிகள் தவிர 1833ஆம் ஆண்டிலேயே 40,000 டாலருக்கும் குறைவான தொகைக்கு விற்றுத் தீர்க்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றென்றும் வருவாய் தந்திருக்கக்கூடிய சொத்து அவ்வாறு போயிற்று. 1836இல் அங்கு வந்த ஆங்கில எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ, செந்நிற உடையணிந்த கறுப்பினத்தவர் ஒருவர் செங்கொடி ஏந்தி, செவ்வணி பூட்டிய வெள்ளைக் குதிரை மீது தெருத்தெருவாகச் சென்று நில ஏலத்தின் நேரத்தை அறிவித்ததையும், அவர் நின்ற இடமெல்லாம் கூட்டம் திரண்டதையும் வர்ணித்திருக்கிறார். தம் மைத்துனர் வாங்கிய 1,00,000 டாலர் நிலத்தைப் பார்வையிட 1835இல் நியூயார்க்கிலிருந்து வந்த வில்லியம் ஆக்டன், சேற்றைக் கண்டு இது மடமை என்று எழுதினார். ஆனால் அதில் மூன்றிலொரு பங்கை ஏலம்விட்டே முழு முதலீட்டையும் மீட்ட அவர், பின்னர் சிகாகோவிலேயே குடியேறினார். 1837 மார்ச் 4 அன்று 4,170 மக்களோடு சிகாகோ மாநகராட்சி ஆனபோது முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவரே.

இரண்டே மாதங்களில் நாடு முழுவதும் வங்கிகள் முடங்கின. மனைகளின் விலை சரிந்தது. 1836 ஜூலை 4 அன்று விழாக்கோலத்தோடு தொடங்கிய கால்வாய்ப் பணி சில ஆண்டுகள் தடுமாறிப் பின் அடியோடு நின்றது. மண்வெட்டி ஏந்திய ஐரிஷ் தொழிலாளர்களுக்குக் கூலியாகக் கால்வாய் ஆணையம் அச்சிட்ட உறுதிச் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. அச்சீட்டைக் கடைக்காரர்கள் முகமதிப்புக்கு ஏற்கவில்லை. ஆனால் அதைக் கொடுத்துக் கால்வாய் நிலத்தை வாங்க முடிந்ததால், கால்வாயின் தொடக்கத்தில் பிரிட்ஜ்போர்ட் என்னும் ஐரிஷ் குடியிருப்பு வேர்பிடித்தது. பின்னாளில் நகரின் மேயர்கள் பலரைத் தந்த வட்டாரம் அது. கிழக்கு மாநில, ஆங்கிலேய முதலீட்டாளர்கள் 1845இல் மேலும் 16 லட்சம் டாலர் கடன் தந்து, கால்வாயைத் தங்கள் அறங்காவலர்களின் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிறகே வேலை மீண்டும் நடந்தது.

1848ஆம் ஆண்டைப் போல ஓர் ஊரின் தலைவிதியை மாற்றிய ஆண்டுகள் அரிது. ஜனவரியில் தந்தி வந்தது. ஏப்ரலில் 96 மைல் நீளமுள்ள இல்லினாய்–மிச்சிகன் கால்வாய் திறக்கப்பட்டது. அதே மாதத்தில் வணிகர்கள் கூடித் தானிய வணிக மன்றத்தை அமைத்தனர். ஆண்டு முடிவதற்குள் முதல் ரயில் எஞ்சின் ஓடியது. கால்வாய் திறந்த சில நாட்களில், நியூ ஆர்லியன்ஸிலிருந்து மிசிசிப்பி வழியாக வந்த சர்க்கரை சிகாகோவில் கப்பல் மாறி பஃபலோ நகரைச் சென்றடைந்தது. கிழக்கே ஈரி கால்வாயின் பனிக்கட்டி உருகி அவ்வாண்டின் முதல் படகுகள் அங்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே அது வந்துவிட்டது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்புக்கும் பெருங்கடனுக்கும் பின் திறந்த அந்தக் கால்வாயை அதே ஆண்டில் பிறந்த ரயில் விரைவில் முந்தியது. கலீனா–சிகாகோ யூனியன் ரயில்பாதைக்கு மூலதனம் திரட்ட ஆக்டன் குதிரையில் ஊரூராகச் சென்று விவசாயிகளிடம் பங்குகளை விற்றார். விவசாயிகளின் வண்டிகள் ஊருக்குள் வராவிட்டால் வியாபாரம் கெடும் என்று அஞ்சிய நகர வணிகர்களோ தயங்கி நின்றனர். 'பயனியர்' என்னும் பழைய எஞ்சின் நவம்பரில் முதல் கோதுமைப் பாரத்தோடு திரும்பி வந்ததும் அந்த அச்சம் மறைந்தது. 1852இல் கிழக்கிலிருந்து இரண்டு ரயில்பாதைகள் வந்து சேர்ந்தன. 1856இல் 705 மைல் நீளமுள்ள இல்லினாய் சென்ட்ரல் முடிந்தது. அவ்வாண்டே ராக் ஐலண்டில் மிசிசிப்பிக்குக் குறுக்கே பாலம் எழுந்து, ஆற்றையே நம்பியிருந்த செயின்ட் லூயிஸ் நகரின் வணிகத்தைச் சிகாகோ தன்பக்கம் இழுக்கத் தொடங்கியது.

ரயில் கொண்டுவந்த தானியம் சிகாகோவில் அடைந்த மாற்றமே இந்நகரின் வரலாற்றில் மிகவும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அதுவரை கோதுமை சாக்கில்தான் பயணம் செய்தது. ஒரு விவசாயியின் சாக்குகள் வண்டியிலிருந்து படகுக்கும் படகிலிருந்து கப்பலுக்கும் கூலியாட்களின் முதுகில் ஏறி இறங்கி, நியூயார்க்கில் விற்கப்படும்வரை அவருடைய சாக்குகளாகவே இருந்தன. வழியில் நனைந்தால் நட்டம் அவருடையது. சிகாகோவில் எழுந்த எலிவேட்டர் என்னும் தானிய ஏற்றுக்கிடங்கு இதை அடியோடு மாற்றியது. நீராவியால் இயங்கும் முடிவற்ற வார் ஒன்றில் வரிசையாகப் பொருத்தப்பட்ட வாளிகள் ரயில் பெட்டியிலிருந்து தானியத்தை அள்ளிக் கிடங்கின் உச்சிக்குக் கொண்டுசெல்லும். அங்கு எடைபோடப்பட்டபின் அது தன் பாரத்தாலேயே குழாய் வழியாக உயரமான தொட்டிகளில் இறங்கும். தொட்டியின் அடிக்கதவைத் திறந்தால் கீழே நிற்கும் கப்பலுக்குள் கொட்டும். மனிதர் தோளில் மூட்டை ஏற வேண்டியதே இல்லை. 1857 அளவில் இத்தகைய கிடங்குகள் பன்னிரண்டு, புஷல் என்னும் தானிய முகத்தலளவையில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கொள்ளளவோடு ஆற்றங்கரையில் நின்றன.

ஆனால் இந்த இயந்திரம் திறம்பட வேலை செய்ய வேண்டுமானால் ஒருவரின் கோதுமை மற்றவருடையதோடு கலந்தாக வேண்டும். அதற்காகத் தானிய வணிக மன்றம் 1856இல் கோதுமையை வெள்ளைக் குளிர்காலக் கோதுமை, சிவப்புக் குளிர்காலக் கோதுமை, வசந்தகாலக் கோதுமை என மூன்று இனங்களாகப் பிரித்து, அடுத்த சில ஆண்டுகளில் சுத்தத்தையும் எடையையும் வைத்துத் தரங்களையும் வகுத்தது. கிடங்கில் கோதுமை போட்டவர் தம் கோதுமையைத் திரும்பப் பெறமாட்டார். இன்ன தரத்தில் இத்தனை புஷல் தரப்படும் என்று எழுதிய ரசீதைப் பெறுவார். அந்த ரசீது கைமாறத் தொடங்கியது. பிறகு, இன்னும் அறுவடையே ஆகாத தானியத்தை இன்ன மாதத்தில் இன்ன விலைக்குத் தருவதாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் முன்பேர வணிகம் பெருகி, 1865இல் மன்றம் அதற்கு எழுத்து வடிவில் விதிகளை வகுத்தது. மனைகளை ஒரே அளவாக்கி எண் இட்டதைப் போலவே தானியத்தையும் ஒரே தரமாக்கிப் பெயரிட்டதால், கோதுமையைக் கண்ணால் காணாதவரும் அதை வாங்கி விற்க முடிந்தது. இதில் விவசாயிக்குக் கிடைத்த நன்மை உண்மையானது: தந்தியில் விலை தெரிந்தது, எந்த நாளும் வாங்க ஆள் இருந்தது. அவருக்கு நேர்ந்த அநீதியும் உண்மையானதே. தரத்தை முடிவு செய்பவரும் கிடங்கின் சொந்தக்காரரும் விலையை அறிந்தவரும் நகரத்தில் இருந்தனர். நல்ல கோதுமையைத் தாழ்ந்த தரமென எழுதி வாங்கி, பின்னர் உயர்ந்த தரமாகக் கலந்து விற்பதாக எழுந்த புகார்கள் ஓயவில்லை. கிடங்குகளை மாநில அரசு 1871இல் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. பொதுநலன் சார்ந்த தனியார் தொழிலை ஒழுங்குபடுத்த அரசுக்கு உரிமை உண்டு என்று மன் எதிர் இல்லினாய் வழக்கில் 1877இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தக் கிடங்குகளிலிருந்து பிறந்ததாகும்.

தானியம் மட்டுமன்றி மரமும் சிகாகோவின் வழியே சென்றது. மிச்சிகன், விஸ்கான்சின் காடுகளின் வெண்பைன் மரம் ஏரி வழியாக வந்து, மரமற்ற மேற்குப் புல்வெளியில் குடியேறியவர்களுக்கு வீடாயிற்று; கனமான உத்தரங்களுக்கு மாறாக மெல்லிய சட்டங்களை ஆணியடித்து விரைவாக எழுப்பும் கட்டுமான முறை 1830களின் சிகாகோவில்தான் பரவியது. 1865ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, சிதறிக் கிடந்த கால்நடைச் சந்தைகளை ஒன்றுசேர்த்து 320 ஏக்கரில் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் திறக்கப்பட்டது. 1850இல் 29,963 ஆக இருந்த மக்கள்தொகை பத்தாண்டில் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

அத்தனை பேரும் சேற்றின் மீது வாழ்ந்தனர். தாம்ப்சனின் கோடுகள் பொருட்படுத்தாமல் விட்ட மண் இப்போது தன் கணக்கைக் கேட்டது. ஏரியின் மட்டத்தைவிடச் சில அடிகளே உயர்ந்த களிமண் நிலத்தில் மழைநீர் வடியவில்லை. சாக்கடை தெருவோரப் பள்ளங்களில் தேங்கியது. பலகை பாவிய தெருக்கள் சில ஆண்டுகளில் சேற்றில் அமிழ்ந்தன. 1849இல் கால்வாய்ப் படகுகளோடு வந்த காலரா ஆண்டுதோறும் திரும்பி, 1854இல் மட்டும் 1,400 பேருக்கு மேல் பலிகொண்டது. அதன் பின்னரே சாக்கடை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டு, பாஸ்டனிலிருந்து எல்லிஸ் செஸ்பரோ என்னும் பொறியாளர் வரவழைக்கப்பட்டார். குழாய்களைப் பூமிக்குள் புதைத்தால் நீர் ஓடுவதற்குச் சரிவு கிடைக்காது என்பதை உணர்ந்த அவர் தந்த தீர்வு, குழாய்களைத் தெருவின் மேலேயே பதித்து, அவற்றை மண்ணால் மூடி, நகரத்தின் மட்டத்தையே பல அடிகள் உயர்த்துவது என்பதாகும். மண்ணுக்காக ஆற்றின் அடியைத் தோண்டினர். அதனால் துறைமுகமும் ஆழமானது.

தெரு உயர்ந்தபின் வீடுகள் பள்ளத்தில் கிடந்தன. முன்வாசல் தெருமட்டத்திற்குக் கீழே போயிற்று. நடைபாதைகள் ஒரு கடைக்கு ஏறியும் அடுத்த கடைக்கு இறங்கியும் படிகளாக மாறின. மரவீடுகளை உருட்டி நகர்த்த முடிந்தது. செங்கல் கட்டடங்களை என்ன செய்வது? 1858இல் ராண்டால்ஃப், டியர்போர்ன் தெருக்களின் சந்திப்பில் நின்ற நான்கு மாடிச் செங்கல் கட்டடம், 200 திருகு ஜாக்கிகளின் மேல் ஆறடிக்கும் மேலாக ஒரு விரிசலும் இன்றி உயர்த்தப்பட்டது. அடித்தளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்து, இடையில் பெருமரங்களைச் செருகி, அவற்றின் கீழ் வரிசையாக ஜாக்கிகளை வைத்து, ஒரே சைகைக்கு எல்லாத் தொழிலாளர்களும் தத்தம் திருகுகளை ஒரே அளவு திருப்புவர்; உயர்ந்த இடைவெளியில் கொத்தனார்கள் புதிய சுவரைக் கட்டிச் சேர்ப்பர். 1860இல் லேக் தெருவில் 320 அடி நீளத்திற்கு ஒட்டி நின்ற கட்டடங்களின் வரிசை முழுவதையும் 600 பேர் 6,000 ஜாக்கிகளைக் கொண்டு ஐந்து நாட்களில் நான்கடி எட்டங்குலம் உயர்த்தினர். கடைகள் மூடப்படவில்லை, உள்ளே வியாபாரம் நடந்தது, கீழே புகுந்து பார்க்க மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். மறுஆண்டு டிரெமான்ட் ஹவுஸ் என்னும் பெரிய விடுதியை உயர்த்திய ஒப்பந்ததாரர்களில் ஒருவரான ஜார்ஜ் புல்மன், பிற்காலத்தில் தம் பெயர் தாங்கிய ரயில் படுக்கைப் பெட்டிகளால் உலகெங்கும் அறியப்பட்டார்.

நகரம் உயர்ந்து உலர்ந்தது. ஆனால் சாக்கடை ஆற்றிலும், ஆறு ஏரியிலும் கலக்க, அதே ஏரியிலிருந்துதான் குடிநீரும் வந்தது. செஸ்பரோ 1867இல் ஏரிக்கு அடியில் இரண்டு மைல் நீளச் சுரங்கம் தோண்டித் தொலைவிலிருந்து தூயநீர் எடுத்தார். 1871இல் பழைய கால்வாயை ஆழப்படுத்தி ஆற்றைப் பின்னோக்கி ஓடவைக்க முயன்றார். அது சில காலமே பலித்தது. ஆறு நிலையாகத் திசைமாறியது 28 மைல் நீளப் புதிய கால்வாய் திறக்கப்பட்ட 1900ஆம் ஆண்டில்தான். அதன் விலையை ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர்கள் தம் ஆற்றுநீரில் கொடுத்தன.

விரைவாகவும் மலிவாகவும் மரத்தால் கட்டியதன் விளைவு 1871 அக்டோபர் 8 இரவு வெளிப்பட்டது. மழையற்ற கோடைக்குப் பின் பலமாக வீசிய தென்மேற்குக் காற்றில், ஐரிஷ் குடும்பம் ஒன்றின் கொட்டிலில் தொடங்கிய தீ, வீடுகளையும் பலகை நடைபாதைகளையும் பற்றிக்கொண்டு இரண்டு நாட்கள் எரிந்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். 17,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. கொட்டிலின் சொந்தக்காரியான ஏழைப் பெண்ணின் பசு விளக்கை உதைத்ததே காரணம் என்று செய்தித்தாள்கள் பரப்பிய கதைக்கு ஆதாரமில்லை. ஐரிஷ் மக்கள் மீது அன்று நிலவிய வெறுப்பே அக்கதையை வாழவைத்தது. நகர மன்றம் அவரைக் குற்றமற்றவர் என அறிவிக்க 1997 வரை ஆயிற்று.

கால்நடைச் சந்தையும், ரயில்பாதைகளின் பெரும்பகுதியும், தானியக் கிடங்குகளில் பெரும்பாலானவையும் தீயிலிருந்து தப்பின. எரிந்தவற்றுள் மீட்கவே இயலாததாகத் தோன்றியது வேறொன்று. நீதிமன்றக் கட்டடத்தோடு, சிகாகோ அடங்கிய குக் மாவட்டத்தின் நிலப் பதிவேடுகள் அனைத்தும் சாம்பலாயின. எந்த மனை யாருடையது என்று காட்ட அரசிடம் ஒரு தாளும் இல்லை. மனை தன்னுடையது என்று நிரூபிக்க முடியாதவருக்கு எந்த வங்கியும் கடன் தராது, கடன் இல்லாமல் எவரும் மீண்டும் கட்ட முடியாது. ஆனால் நிலம் வாங்குவோருக்காக உரிமை வரலாற்றைத் தொகுத்துத் தரும் தொழிலை நடத்திய மூன்று தனியார் நிறுவனங்களின் ஊழியர்கள், தீ நெருங்கும்போது தங்கள் குறிப்பேடுகளை வண்டிகளில் ஏற்றி ஏரிக்கரைப் பக்கம் விரைந்திருந்தனர். ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது மாவட்டத்தின் நில உரிமை ஏறத்தாழ முழுமையாகத் தெரியவந்தது. 1872இல் இல்லினாய் சட்டமன்றம் எரிந்த பதிவேடுகள் சட்டத்தை நிறைவேற்றி, அந்தத் தனியார் குறிப்பேடுகளை நீதிமன்றங்கள் சான்றாக ஏற்க வழிசெய்தது. கிழக்கு மாநில வங்கிகளின் பணம் வந்தது. பழைய மனை எல்லைகளை அப்படியே வைத்துக்கொண்டு, இம்முறை செங்கல்லாலும் கல்லாலும் கட்டத் தொடங்கினர்.